கேட்ச்சும் சேஸும் ஒரு தாய் மக்கள்

கிரிக்கெட் வர்ணனையில் 'கேட்ச்', 'சேஸ்' என்று மாறி மாறிக் காதில் விழும் இரண்டும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை.

லத்தீனில் 'காபெரே' என்றால் பற்றுதல். பற்ற முயல்வது 'காப்தாரே'. அதையொட்டிப் பேச்சு வழக்கில் 'காப்தியாரே' என்றொரு வடிவம் இருந்திருக்க வேண்டும். எந்த ஏட்டிலும் அது அகப்படவில்லை. வழிவந்த சொற்களை வைத்து ஊகித்ததுதான். இப்படிப்பட்ட சொல்லின் முன்னால் மொழியியலாளர்கள் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். நேர்மையான வழக்கம்!

பிரான்சுக்குள் இந்தச் சொல் இரண்டாகப் பிரிந்தது. பாரிஸ் பக்கத்தில் முதலெழுத்துக் 'க' மெல்ல 'ச'வானது. வடக்கே நார்மண்டியில் 'க'வாகவே நின்றது. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் பேச்சுவழி வந்தது 'கேட்ச்'. பாரிஸ் வடிவம் 'சேஸ்' ஆனது. தொடக்கத்தில் 'கேட்ச்' என்பதற்கும் வேட்டையில் துரத்துவது என்ற பொருள் உண்டு.

அது ஏன் 'பிடி'யாக மாறியது? ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு ஜெர்மானியச் சொல் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் பிடித்தலைக் குறித்த 'லாட்ச்'. இன்று கதவுத் தாழ்ப்பாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசையிலும் பொருளிலும் நெருங்கியிருந்ததால் 'கேட்ச்' அதன் இறந்தகால வடிவத்தையே தனக்கும் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் 'சேஸ்டு' என்பதுபோல 'டு' சேர்த்து முடிவதே வழக்கம். ஆனால் ஸ்கோர்கார்டில் நாம் பார்ப்பது 'காட் அண்ட் போல்டு'. அந்தக் 'காட்' என்பதன் எழுத்துக்கூட்டலில் நடுவே ஊமையாக நிற்கும் 'ஜி', 'எச்' இரண்டும் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உரசி ஒலித்தவை. 'கேட்ச்டு' என்று எழுதியவர்களும் 18-ஆம் நூற்றாண்டு வரை இருந்தார்கள். வழக்கு அவர்களைக் கைவிட்டது.

இதைவிடச் சுவையானது, தன்னிடம் வைத்திருப்பதைக் குறிக்கும் 'ஹேவ்'. லத்தீனின் 'ஹபேரே'யும் அதே பொருள்தான், ஓசையும் ஏறக்குறைய அதே. ஆனால் உறவில்லை. ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கிய விதிப்படி, லத்தீனில் 'க' நிற்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும்: லத்தீன் 'கொர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்', 'கெந்தும்' 'ஹண்ட்ரட்'. அந்தக் கணக்கில் 'ஹேவ்' என்பதன் உறவு 'காபெரே'. ஆக, அது 'கேட்ச்' என்பதற்குத் தூரத்துச் சொந்தம். 'ஹபேரே'க்கு ஆங்கிலத்தில் உறவு கொண்டாட இருப்பது, கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்'.