உதட்டுக்குள் புகையிலை, ஆறு மணிக்குப் பூசை

"வாயைத் திறங்கண்ணே" என்றேன். காலைக் காட்ட வந்த மனிதரிடம் பிசியோதெரபிஸ்ட் எதற்கு வாயைப் பார்க்கிறாள் என்று அவர் மனைவிக்குக் குழப்பம். அண்ணன் திறக்கவில்லை. கீழுதட்டை மட்டும் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார். இந்தக் கடற்கரையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு அது போதும்.

அண்ணனுக்கு வயது 46. பாம்பன் பக்கத்து ஊர். மூன்று வருடத்துக்கு முன்பு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. சர்க்கரை கிடையாது, விபத்தும் கிடையாது. பீடி. ஃபைலில் 'பர்ஜர் நோய்' என்று எழுதியிருப்பார்கள். லியோ பர்ஜர் என்கிற மருத்துவர் 1908-ல் விரிவாக எழுதி வைத்ததால் வந்த பெயர். கை கால்களில் இருக்கும் சின்ன, நடுத்தர ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொண்டே வரும். பெரும்பாலும் 45, 50 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்குத்தான் தொடங்கும். புகையிலைப் பழக்கமே இல்லாதவருக்கு இது வந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போனவர், "இனிமேல் பீடியைத் தொட மாட்டேன்" என்று அங்கேயே சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார். தொடவும் இல்லை. "அவுக பீடியத் தொட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டரம்மா" என்று மனைவி சொன்னபோது அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், எனக்கே அவர் வாயைக் கிளற மனம் வரவில்லை. ஆனாலும் கிளறினேன். உள்ளே, கீழ்வரிசைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில், தேயிலைப் பை மாதிரி ஒரு சின்னப் புகையிலைப் பொட்டலம். "இது பீடி இல்லையே டாக்டரம்மா" என்றார் அண்ணன்.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்கு இவரையும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார வைத்திருக்கிறார் பங்குத்தந்தை. "ஒரு கால்தான் சாமி இருக்கு" என்று கூச்சப்பட்டவரிடம், "அதைக் கழுவுறேன், வாங்க" என்றாராம். தண்ணீர் ஊற்றித் துடைக்கும்போது, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி கால் சில்லென்று இருந்திருக்கிறது. சுண்டுவிரல் நுனி நாவல்பழ நிறம். ஃபாதர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை வண்டி பிடித்து அனுப்பிவிட்டார். ஆறு மாதமாக எங்களிடம் நடைப் பயிற்சிக்கு வந்துபோன ஆள் அவர். செயற்கைக் காலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே தவிர, இருக்கிற காலின் சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

புகை இல்லையென்றால் பாதிப்பு இல்லை என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பீடியை விட்டுவிட்டேன், வெற்றிலையோடு கொஞ்சம் போடுகிறேன் என்பார்கள். உதட்டுக்குள் புகையிலைப் பாக்கெட்தான் வைக்கிறேன், விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறேன் என்பார்கள். துப்புவது எச்சிலை. நிகோடின் அதற்கு முன்பே உதட்டின் உள்தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்விட்டது. அந்தத் தோல் அவ்வளவு மெல்லியது, சுண்ணாம்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக உறிஞ்சும். பீடியில் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். உதட்டுக்குள் வைத்தால் மெதுவாக ஏறி வெகுநேரம் நிற்கும். அரை மணி நேரம் அடக்கி வைத்திருக்கிறவருக்கு ஒரு பீடிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்று நினைக்காதீர்கள். கால் விரலில் இருக்கும் ரத்தக் குழாய்க்கு, வந்த நிகோடின் புகையாக வந்ததா உதட்டு வழியாக வந்ததா என்று தெரியாது. சுருங்கும், அவ்வளவுதான். பர்ஜர் நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும், திருவிழாவுக்கு மட்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை. முழுக்க விட்டவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்த கால் தப்பிக்கிறது. பாதி விட்டவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பீடி இலையில் சுற்றியது, சிகரெட்டைவிட இயற்கையானது என்கிற கதையையும் தயவுசெய்து நிறுத்துங்கள். இலை சரியாகக் காற்று விடாததால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போவதுதான் அதிகம்.

சரி, அண்ணன் பாக்கெட்டுக்கு எப்படிப் போனார்? சத்தியத்துக்கு முன்பே, பூசையால்தான். முக்கால் மணிக்கு ஒரு பீடி என்று பழகிய உடம்பு அவருடையது. நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், அதற்கு முன்பே கை தேட ஆரம்பிக்கும். ஞாயிறு பூசை ஒரு மணி நேரம். திருவிழாப் பாடற்பூசை என்றால் இரண்டு மணி நேரம். முன்பெல்லாம் மறையுரை தொடங்கும்போது நழுவி, சுவர் ஓரமாக நின்று இழுத்துவிட்டு, காணிக்கை எடுக்கும்போது உள்ளே வந்துவிடுவார். கால் போன பிறகு அப்படி நழுவ முடியவில்லை. ஊன்றுகட்டையின் 'டக் டக்' சத்தத்துக்கு மொத்தக் கோவிலும் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் பாக்கெட். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே சொல்லும்போது கைக்குட்டையால் வாயை ஒற்றுவது மாதிரி எடுத்துவிட்டு, நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு, நன்றி மன்றாட்டில் அடுத்ததை வைத்துக்கொள்வாராம். இதை என்னிடம் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. எனக்கோ திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொருவர் நேர்மாறு. சத்தியம் மூன்றாவது வாரமே உடைந்துவிட்டது. அந்தோனியார் முகத்தில் எப்படி முழிப்பது என்று கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பூவரச மரத்தடியில் உட்கார்ந்து மைக் செட்டில் பூசை கேட்கிறார், கையில் பீடி. ஊர் சொல்வது: விசுவாசம் இல்லை.

விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை ஐயா. ஜெபம் பண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் காய்ச்சலுக்கு மாத்திரையும் ஜெபமும் சேர்த்துக் கொடுக்கிற ஊர், பீடிக்கு மட்டும் ஜெபத்தை மட்டும் கொடுப்பது ஏன்? விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உடம்பு படுத்தும் பாடு உச்சத்தில் இருக்கும். எரிச்சல் வரும், தூக்கம் வராது, கவனம் நிற்காது. சத்தியத்தைச் சனிக்கிழமை செய்துவிட்டு ஞாயிறு காலை நீண்ட பூசைக்கு வந்து உட்கார்வது, நீந்தத் தெரியாதவன் கச்சான் காற்றில் வள்ளம் தள்ளுவது மாதிரி. புதன்கிழமை விடுங்கள். ஞாயிறு வருவதற்குள் மோசமான கட்டம் கொஞ்சம் கடந்திருக்கும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், யாரும் தலையைச் சீவிவிட மாட்டார்கள். இதற்குத்தான் பக்கவாசல் ஓரத்து நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

அப்புறம் இந்த ஒருசந்தி. ராத்திரி பன்னிரண்டிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்தால்தான் நற்கருணை என்று இன்னும் எத்தனை பேர் நம்புகிறார்கள்! 1964-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டார். தண்ணீரும் மருந்தும் அந்தக் கணக்கிலேயே இல்லை. நோயாளிகளுக்கும், முதியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்கூடக் கட்டாயம் இல்லை. மாத்திரை போடாமல், வெறும் வயிற்றில், நிகோடினும் இல்லாமல் வந்து, ஃபாதர் அந்த அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு முழங்காலிட்டு எழும்போது கண் இருட்டி விழுகிறீர்கள். நெற்றியில் தையலோடு என்னிடம் வருகிறீர்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முழங்காலிட வேண்டாம். கீழ்க்காலில் செயற்கைக் கால் போட்டவர் மண்டியிட்டால் மொத்த எடையும், எடுத்ததுபோக மிச்சமிருக்கும் தண்டின் முன்பக்க எலும்பில் விழும். அங்கே ஒரு கொப்புளம் வந்தால் ஒரு மாதம் காலைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். முடியாதவர்கள் தலைவணங்கினால் போதும் என்று பூசை ஒழுங்கிலேயே இருக்கிறது. சபைகளில் பாயில் மூன்று மணி நேரம் உட்கார்கிறவர்களுக்கும் இதுதான்: நாற்காலி கேளுங்கள். கை வைத்த நாற்காலி, சுவரை ஒட்டி. கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் பின்னால் வழுக்கும்.

செருப்பு விஷயம் யாரும் யோசிப்பதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் மரியாதை, புரிகிறது. ஆனால் செயற்கைக் காலை எந்தச் செருப்போடு அளவெடுத்துச் சரிசெய்தோமோ, அந்தக் குதிகால் உயரத்துக்குத்தான் அது நிற்கும். கழற்றினால் ஆள் பின்னால் சாய்வார். வெறும் காலில் நடக்கவென்றே வடிவமைத்த ஜெய்ப்பூர் கால் என்றால் பரவாயில்லை, மற்றதற்கு ஆகாது. இருக்கிற நல்ல காலுக்கோ செருப்பு இல்லாமல் ஓர் அடிகூடக் கூடாது. ரத்தம் போகாத விரலில் ஒரு கிளிஞ்சல் கீறினால் ஆறாது. ஓரியூர் பாதயாத்திரையா? வேண்டாம். அங்குள்ள புனித அருளானந்தரை வேனில் போய்க் கும்பிடலாம். உள்ளே மட்டும் போடுகிற மாதிரி கழுவிய ஜோடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாசலில் யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஃபாதர்மாருக்கும் ஒன்று. சரிவுப் பாதை கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நான்கடியில் செங்குத்தாகக் கட்டி வைத்தால் அதில் பைக்தான் ஏறும். ஏறுகிறது, நிறுத்தியும் வைக்கிறார்கள்.

விடுவதற்கு மருந்து உண்டு. பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், வேறு காரணத்தால் கால் இழந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு, தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டையோ சூயிங்கமோ பயன்படுத்தலாம். பூசைக்கு வசதி பட்டைதான், சட்டைக்குள் இருக்கும், யாருக்கும் தெரியாது. சூயிங்கம் என்றால் பபிள்கம் மாதிரி அரைக்கக்கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒன்று போதும். அதற்குக் கால் மணி நேரம் முன்பு காபி, டீ கூடாது. பூசைக்கு முன்பே தொடங்கி, துப்பிவிட்டு உள்ளே போங்கள். ஆனால் பர்ஜர் நோயாளி இந்த இரண்டையும் தானாக வாங்கிப் போடாதீர்கள். அதிலும் இருப்பது நிகோடின்தான். உங்களுக்கு நிகோடின் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, ரத்தக்குழாய் மருத்துவர் பார்த்து எழுதித் தருவார். புகையிலை உறையிலேயே அச்சடித்திருக்கும், விடுவதற்கு உதவும் 1800-11-2356 எண்ணுக்கும் காசில்லாமல் பேசலாம். வாங்கும்போது படத்தை மறைத்துக்கொண்டு வாங்குகிற பழக்கத்தில் அந்த எண்ணும் கண்ணில் படுவதில்லை.

எடுத்த காலின் கட்டைவிரல் எரிகிறது, அதற்குத்தான் ஒன்று பிடிக்கிறேன் என்பவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இல்லாத காலில் வலி வருவது பைத்தியம் இல்லை. கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி இருக்கிறது, தண்டைத் தேய்த்துப் பழக்கும் முறை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. தடைக்காலம் 61 நாளும் கடலுக்குப் போகாமல் கரையில் குந்தியிருக்கும்போது பீடி இரட்டிப்பாவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். அந்த நேரத்தில் வந்தால் எனக்கும் பயிற்சி கொடுக்க வசதி.

நடந்தால் பாதமோ கெண்டைக்காலோ பிடித்து, நின்றால் விடுகிறதா? ராத்திரி காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால்தான் தூக்கம் வருகிறதா? விரல் நுனி நிறம் மாறுகிறதா? அடுத்த திருவிழா முடியட்டும் என்று இருக்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே வந்துவிடுங்கள். மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அங்கே முடிவுசெய்வார்கள்.

பூசைக்கு வரவே முடியாத வாரம் வராதீர்கள். நோயாளிக்கு ஞாயிறு பூசைக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் சொல்லிவிட்டால் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். வெற்று உதட்டோடு வாங்குங்கள்.

அண்ணனுக்குச் சுண்டுவிரல் போய்விட்டது. கால் இருக்கிறது, இன்றைய தேதிக்கு. செவ்வாய்க்கிழமை டிரெஸ்ஸிங்குக்கு வருகிறார். ஞாயிறு காலை வீட்டை விட்டுக் கிளம்பும்முன் அவர் மனைவி செல்போன் டார்ச்சை அடித்து, "எங்க, ஆ காட்டுங்க" என்கிறாராம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பதாக அண்ணன் என்னிடம் புகார் சொன்னார். அதற்குள் அவர் மனைவி குறுக்கே புகுந்து, போன வாரம் மேலுதட்டிலும் தேடியதைச் சொன்னார்.