நல்ல மரத்தை எடுத்துவிட்டால் தோப்பில் மிஞ்சுவது எது?

வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் தோப்பு பார்க்கப் போனால் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள்: "பெருத்த மரத்த மட்டும் குடுத்துடறோம் சார், மீதி தானா வளந்துடும்ல?" வளரும். எது வளரும் என்பதுதான் சிக்கல்.

வியாபாரி நேராக, பருமனாக இருப்பதில்தான் குறி போடுவார். நிற்பதெல்லாம் கோணலும் நோஞ்சானும். அடுத்த விதை அவற்றிலிருந்துதான் விழும். அதனால் முதல் வெட்டில் கோணலைக் கழியுங்கள். காசு குறையும்தான்.

அடுத்தது வெயில். தேக்கும் வேங்கையும் வெளிச்சம் கேட்கும் மரங்கள். அங்கொன்று இங்கொன்றாக எடுத்தால், அந்த இடைவெளியைப் பக்கத்துக் கிளைகள் சீக்கிரமே மூடிவிடும்; அடியில் முளைத்த கன்று மேலே வராது. அமெரிக்காவின் வடகிழக்குக் கலப்புக் காடுகளில் மரம் மரமாகப் பொறுக்கி வெட்டியதில் நிழல் தாங்கும் சர்க்கரை மேப்பிளும் பீச்சும் பெருகின, ஓக் பின்தங்கியது. அதே முறை ஜெர்மனியின் கருங்காட்டில் பலன் தருகிறது, அங்கே இருப்பது நிழலிலும் வளரும் ஃபிர் மரம் என்பதால். அதற்காக நம் ஊரில் ஒரேயடியாகத் திறந்துவிடவும் கூடாது. ஜவ்வாது மலைச் சரிவில் வெயில் பட்ட இடமெல்லாம் முதலில் ஏறுவது உண்ணிச்செடி என்கிற களைப்புதர்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்தும் மறுபடி தளிர் வரும், அதுதான் மறுதாம்பு. ஆனால் அந்தக் கட்டையைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. முழங்கால் உயரத்தில் மொண்ணைக் கோடாலியால் கொத்திய கட்டையில் பட்டை நார் நாராகக் கிழிந்திருக்கும், நடுவில் மழைத்தண்ணீர் தேங்கும். தளிர் உச்சியில் வந்து, ஆடிக் காற்றில் பட்டையோடு பிய்ந்துவிடும். தரையிலிருந்து அரை அடிக்குள், சற்றே சாய்வாக, பட்டை கிழியாமல் அறுத்தால் தளிர் மண்ணை ஒட்டி வந்து உறுதியாக நிற்கும். தேக்கு இலை உதிர்த்து நிற்கும் காலத்தில் வெட்டினால், வேரில் சேர்ந்திருக்கும் சத்து மறுதாம்புக்குப் போகும். கொத்தாக வரும் தளிர்களில் தேக்குக்கு ஒன்றும், தைலமரத்துக்கு இரண்டு மூன்றும் போதும். சவுக்கிடம் மறுதாம்பை எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவும் செய்து ஆட்டை உள்ளே விட்டால் போச்சு. முதல் இரண்டு வருஷம் வேலி கட்டாயம்.

சந்தனம் தனி. வேரிலும் வாசனைக் கட்டை இருப்பதால் தோண்டித்தான் எடுப்பார்கள். அறுபட்டு மண்ணில் தங்கிய வேரிலிருந்து கன்று கிளம்பும், அதை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் வனத்துறையிடம் கேட்காமல் சந்தனத்தில் கை வைக்க வேண்டாம்.