அப்பா வாங்கிய கடன்: மகனை எது கட்டும், எது கட்டாது

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பைனான்ஸ்காரர் வந்து, "அப்பன் பட்ட கடனைப் பிள்ளைதானே அடைக்கணும், இல்லாவிட்டால் அவர் ஆத்மா எப்படிச் சாந்தியடையும்" என்று பேச, அந்தப் பேச்சுக்கே கட்டுப்பட்டு மகன் தன் பெயரில் புதுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் நீதிமன்ற சம்மனோடு வக்கீலைத் தேடி வருகிறார். சிவில் வழக்கு நடத்தும் எங்களுக்கு இது அடிக்கடி பார்க்கிற கதை. கையெழுத்துப் போடும் முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் முழுச் சட்டபலமும் இருந்தது. பழைய இந்து சட்டநூல்களான தர்மசாஸ்திரங்களில் கடனை அடைக்காமல் சாவது பாவம், அப்பாவை அதிலிருந்து மீட்பது மகனின் கடமை. பிருகஸ்பதி ஸ்மிருதி கணக்கே போட்டுக் கொடுக்கிறது: அப்பாவின் கடனை மகன் வட்டியோடு தீர்க்க வேண்டும், தாத்தாவின் கடனுக்குப் பேரன் அசல் மட்டும் கொடுத்தால் போதும், கொள்ளுப்பேரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குடி, சூதாட்டம், கட்டாமல் விட்ட அபராதம் இதெல்லாம் மகன் தலையில் விழாது. கௌதம தர்மசூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போய், ஜாமீன் கடனையும் வியாபாரக் கடனையும்கூட அந்த விலக்குப் பட்டியலில் சேர்க்கிறது. இன்று நம் குடும்பங்களை மூழ்கடிக்கும் இரண்டும் அவைதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இந்தக் கடமையை அப்படியே எடுத்துக்கொண்டு, குடும்பச் சொத்தின் அளவுக்கு மட்டும் என்று வரம்பு கட்டின. 1923-இல் பிரிஜ் நாராயண் வழக்கில் அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதற்கான விதிகளைத் தொகுத்துச் சொன்னது. அதே ஆட்சி 1857-லேயே கம்பெனிச் சட்டத்தில், பங்கு வாங்கியவர் தன் பங்கின் அளவுக்கு மேல் கடனுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிவிட்டது. ஆக, முன்பின் தெரியாதவர்களோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி நடத்தியவருக்குத் தன் பங்கோடு பொறுப்பு முடிந்தது, ஒரே வீட்டில் பிறந்த மகனுக்கோ, தான் வாங்காத கடனுக்காகக் குடும்பச் சொத்தில் தன் பங்கையும் இழக்கும் நிலை நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

2005-இல்தான் விடிவு வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைத் திருத்தி, அந்த ஆண்டு செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற புனிதக் கடமையை மட்டும் காரணமாகச் சொல்லி எந்த நீதிமன்றமும் மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல் உத்தரவு போட முடியாது என்று ஆக்கிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் ஒரு பைசாவும் தர வேண்டாமா? அப்படி இல்லை. அப்பாவின் சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்குக் கடன்காரருக்கு உரிமை உண்டு. சொத்தை விற்றுச் செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்ட முடியாமல் போனால், சிவில் நடைமுறைச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்கு உங்கள் சொந்தச் சொத்தின் மேலேயே கை வைக்கலாம். அதனால் அப்பாவின் நகையை விற்றாலும், வங்கியிலிருந்த பணத்தை எடுத்தாலும், எதற்குச் செலவானது என்ற ரசீதைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். சொத்தே வரவில்லை என்றால், மகனாகப் பிறந்ததற்காக நீங்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

உங்களை உண்மையில் மாட்டிவிடுவது கையெழுத்து. அப்பா பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்தியிருக்கலாம், கம்பெனிக் கடன் கம்பெனியோடு போக வேண்டியதுதான், ஆனால் லோன் வாங்கும்போது "வீட்டில் ஒருத்தர் ஜாமீன் போடுங்க" என்றதும் நீங்கள் போட்டிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு உங்களைக் கடன் வாங்கியவருக்குச் சமமாக நிறுத்துகிறது. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றுகூடச் சொல்ல முடியாது.

கையெழுத்து என்றால் இப்போது பேனா மட்டும் இல்லை. இன்று ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லி இ-சைன் போட்டாலே தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது முறையான கையெழுத்து. பேனாக் கையெழுத்து என்றால் "இது என்னுடையது இல்லை" என்று தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஓடிபியில் பேசப்போவது கம்ப்யூட்டர் பதிவு. "அப்பா கேட்டார், நம்பரைச் சொன்னேன், எதற்கென்று தெரியாது" என்பதை நிரூபிப்பது மிகவும் கஷ்டம். மெசேஜை முழுசாகப் படிக்காமல் யாருக்கும், பெற்றவருக்கும்கூட, ஓடிபி சொல்லாதீர்கள்.

கடைசியாக, காலாவதி. புரோநோட்டை வைத்து வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடு முடிந்த அப்பாவின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்து "மாற்றி எழுதிக் கொடு போதும்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் அது உங்கள் சொந்தக் கடன், கெடுவும் புதிதாகத் தொடங்கும். மனசாட்சிக்காக அடைக்க நினைத்தால் தாராளமாக அடையுங்கள், அதை நான் மதிக்கிறேன். முடிந்த தொகையைக் கொடுத்து, அசல் நோட்டில் வரவு எழுதி வாங்கி, முழுசாகத் தீர்ந்ததும் அந்த நோட்டைத் திரும்பப் பெறுங்கள். புதுக் காகிதத்தில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.