பிளேட்: தட்டா, தகடா, பலகையா?

பிளேட்டுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் 'தட்டு' என்போம். சாப்பிடும் பிளேட்டுக்குச் சரி. ஆனால் முறிந்த எலும்பைச் சேர்க்க வைக்கும் பிளேட்? எக்ஸ்ரே படத்தில் பாருங்கள்: எலும்பையொட்டி மெல்லிய உலோகப் பட்டை, அதில் வரிசையாகத் துளைகள், துளைகளில் திருகாணிகள். அது தகடு. தட்டு என்று சொன்னால் காதில் ஒட்டவே ஒட்டாது.

கிரேக்க மொழியில் 'பிளாட்டிஸ்' என்றால் தட்டையானது, அகன்றது. அதிலிருந்து கிளைத்துப் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிளேட், முதலில் உலோகத் தகட்டைத்தான் குறித்தது. உண்கலம் என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. ஸ்பானிய மொழியில் வெள்ளிக்குப் பெயரான 'பிளாட்டா'வும் இதே குடும்பம். அதன் செல்ல வடிவமான 'பிளாட்டினா', அதாவது குட்டி வெள்ளி, பிளாட்டினம் ஆனது.

நம் தட்டும் தட்டையோடு ஒட்டிப் பிறந்த சொல்தான். இரண்டு மொழியும் ஒரே குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. ஆனால் தட்டு போகிற இடமெல்லாம் பிளேட் போகாது. தராசுத் தட்டு, இசைத்தட்டு, பறக்கும் தட்டு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். பேச்சை மாற்றுகிறவரைப் பார்த்து "பிளேட்டை மாத்துறான்" என்கிறோமே, அது இசைத்தட்டைப் பிளேட் என்று சொன்ன காலத்தின் மிச்சம். ஆங்கிலத்தில் அதற்கு ரெக்கார்டு என்றே பெயர்.

அறிவியலில்தான் கவனம் வேண்டும். ரத்தத்தில் உள்ள பிளேட்லெட், பெயரிலேயே குட்டித் தட்டு. 'தட்டணு' என்பது அளவெடுத்துத் தைத்த சொல். நிலநடுக்கச் செய்திகளில் வரும் பிளேட்டைப் பலர் 'கண்டத்தட்டு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பசிபிக் தட்டு கிட்டத்தட்ட முழுவதும் கடலுக்கு அடியில் கிடக்கிறது; அதில் கண்டம் எங்கே? 'புவித்தட்டு' போதும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள பாறை அடுக்கைத் தகடு என்றும் சொல்ல முடியாது.

அச்சகத்து பிளேட் அச்சுத் தகடு. வண்டியின் நம்பர் பிளேட், தகட்டில் செய்திருந்தாலும், எண் பலகை. பலகை என்றால் மரம்தானே என்று தயங்க வேண்டாம். பெயர்ப்பலகையும் அறிவிப்புப் பலகையும் மரத்தை விட்டு எப்போதோ வந்துவிட்டன. எழுத்தைத் தாங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்பது பலகை.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது செப்பேடு. ஆங்கிலத்தில் காப்பர் பிளேட் என்று உலோகத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்கிறார்கள். தமிழ் அதை 'ஏடு' என்றது. ஓலைச்சுவடியைப் போலவே எழுதி, துளையிட்டு, கயிற்றுக்குப் பதில் உலோக வளையத்தில் கோத்தார்கள். எழுதும் பொருள்தான் மாறியது. லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் ஆவணங்களில் பெரிய தொகுதியில் இப்படி 21 ஏடுகள், ராஜேந்திர சோழனின் முத்திரை பதித்த ஒரே வளையத்தில்.