டீபக் என்கிற வழுநீக்கம்: அலாரம் செயலி முறிந்துபோகும்போது எதைத் தேடுகிறோம்?

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 'டீபக்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. சோதனையில் தேறாத சர்க்யூட் போர்டை மேசையில் வைத்து எந்த ஐசி (சில்லு) கெட்டது, எந்த இடத்தில் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று பார்ப்பதும் டீபக். கைப்பேசிச் செயலி ஏன் பாதியில் செத்தது என்று லாக்கை, அதாவது கைப்பேசி எழுதிவைக்கும் பதிவைப் படிப்பதும் டீபக். இரண்டிலும் நேரம் தின்பது தேடல்தான். கண்டுபிடித்த பிறகு திருத்துவது பெரும்பாலும் நாலு வரி.

'பக்' என்றால் ஆங்கிலத்தில் பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறியில், 70ஆம் எண் ரிலேவில் (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) சிக்கிய விட்டில்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினார்கள். அதிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அந்தப் பக்கத்திலேயே, 'பக்' ஒன்று நிஜமாகவே அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்ற பொருளில் குறிப்பு இருக்கிறது. சொல் முன்பே புழங்கியதால்தான் அது நகைச்சுவையாகிறது. இயந்திரத்தின் சில்லறைக் கோளாறுகளைத் தாமஸ் எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே 'பக்' என்கிறார். விட்டில் கதையைப் பரப்பியவர் கணிப்பொறி முன்னோடி கிரேஸ் ஹாப்பர். அதைப் பிடித்தவர் அவரல்லர்.

மலாய் நேராகப் பூச்சியையே எடுத்துக்கொண்டது. 'பெபிஜாட்' என்றால் மூட்டைப்பூச்சி. விரட்டுதலைக் குறிக்கும் 'ஞா' முன்னால் சேர்ந்தால் 'ஞாபெபிஜாட்', அதாவது டீபக். மலாயில் அது ஒட்டிக்கொண்டது. தமிழில் 'பூச்சிநீக்கம்' என்றால் கோலாலம்பூர் அடுக்ககத்து மின்தூக்கியில் ஒட்டியிருக்கும் கரப்பான் மருந்து விளம்பரம்தான் நினைவுக்கு வரும்.

தமிழில் இரண்டு சொற்கள் போட்டியில் இருக்கின்றன: பிழைதிருத்தம், வழுநீக்கம். முதலாவது எளிது, பரவலும் அதிகம். ஆனால் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பதற்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், திரையில் வரும் 'எரர்' செய்திக்கும் பிழை என்றே சொல்கிறோம். நிரலுக்குள் ஒளிந்திருக்கும் குறை வேறு, அது வெளியே காட்டும் அறிகுறி வேறு. குறைக்கு வழு, அறிகுறிக்குப் பிழை, செயலி மொத்தமாக விழுவதற்கு முறிவு என்று பிரித்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும்.

வழு புதுச்சொல் இல்லை. 'திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே' என்கிறது நன்னூல். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இன்னொன்று மயங்கி நிற்பது வழு. 'நேற்று வருவான்' என்றால் காலவழு. நிரலில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே: எண் வரவேண்டிய இடத்தில் வெறுமை, முகவரி வரவேண்டிய இடத்தில் 'நல்' (null, எதையும் சுட்டாத மதிப்பு). அலாரம் செயலியில் இந்த மயக்கம் எப்படியெல்லாம் நேர்கிறது என்று பார்த்தால் சொல்லும் விளங்கும், வேலையும் விளங்கும்.

முதலில் எது நடந்தது என்று பிரிக்கவேண்டும். 'செயலி நின்றுவிட்டது' என்று ஆண்ட்ராய்டு சொன்னால் முறிவு. திரை அசையாமல் நின்று 'காத்திருக்கவா, மூடவா' என்று கேட்டால் உறைவு. இரண்டும் இல்லாமல் மணி மட்டும் அடிக்கவில்லை என்றால் ஒலிக்காமை. 2011 ஜனவரி 1, 2 ஆகிய இரண்டு நாள் ஐபோன்களில் ஒருமுறை மட்டும் ஒலிக்க வைத்த அலாரங்கள் அடிக்காமல் போனது மூன்றாவது வகை. அங்கே எந்தச் செயலியும் முறியவில்லை, முறிவுப் பதிவைத் தேடினாலும் கிடைக்காது.

முறிவு என்றால் தடயம் உண்டு. செட்டிங்ஸில் பில்ட் எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக் கணினியோடு இணைத்து, லாக்கேட் என்ற பதிவு காட்டும் கருவியில் 'கிராஷ்' பஃபரை (முறிவுகளுக்கான தற்காலிகப் பதிவிடம்) மட்டும் எடுங்கள். தாமதிக்க வேண்டாம், பஃபர் அளவு சிறியது, புதுப் பதிவுகள் பழையதை அழித்துவிடும். 'ஃபேட்டல் எக்ஸெப்ஷன்' (செயலியை வீழ்த்திய பிழை) என்ற வரிக்குக் கீழே வருவது அடுக்குத் தடம், அதாவது விழுந்த நேரத்தில் நிரலின் எந்தப் பகுதி எதை அழைத்தது என்ற பட்டியல். பலர் அதன் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். கடைசியாக வரும் 'காஸ்டு பை' (இதனால் விளைந்தது) வரிக்குப் போய், அதன் கீழே உங்கள் செயலியின் பெயர் முதலில் தென்படும் வரியைப் பாருங்கள்.

அலாரத்தில் அடிக்கடி அகப்படும் வழுக்கள் சில.

ஒலிக்கோப்பு. பயனர் எஸ்டி கார்டில் இருக்கும் பாட்டை மணியாக வைக்கிறார், பிறகு கார்டைக் கழற்றிவிடுகிறார். காலை 6 மணிக்குச் செயலி அந்த முகவரியைத் திறக்கப் போய் விழுகிறது. கோப்பைத் திறக்கும் இடத்தில் பிழையைப் பிடித்து, செயலிக்குள்ளேயே கட்டிவைத்த ஒரு மணியை ஒலிக்கவிட வேண்டும். விரும்பிய பாட்டு இல்லை என்பதற்காக ஆளை எழுப்பாமல் விடக்கூடாது.

அனுமதி. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், குறித்த நொடியில் அலாரம் வைக்கத் தனி அனுமதி வேண்டும். அந்தப் பதிப்பை இலக்காக வைத்துக் கட்டிய செயலி, அனுமதி இல்லாமல் அப்படி அலாரம் வைக்கப் போனால் 'செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்' (பாதுகாப்புப் பிழை), உடனே முறிவு. பயனர் இடையில் அனுமதியைத் திரும்பப் பெற்றால், வைத்திருந்த துல்லிய அலாரங்களும் சேர்ந்து ரத்தாகும். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதே சரி. கடிகாரச் செயலிகளுக்கென்று ஆண்ட்ராய்டு 13இல் 'யூஸ் எக்ஸாக்ட் அலாரம்' என்ற வேறு அனுமதி வந்தது. அலாரம்தான் உங்கள் செயலியின் முதன்மை வேலை என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நொடி. அலாரம் அடித்ததும் முன்னணிச் சேவையை (அறிவிப்பைக் காட்டியபடி ஓடும் வேலை) தொடங்கினால், சுமார் 5 நொடிக்குள் அறிவிப்பைக் காட்டி அதை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் இயங்குதளமே செயலியை வீழ்த்தும். ஒலிக்கோப்பை ஏற்றிய பிறகு அறிவிப்பு என்று வரிசை வைத்திருப்பவர்களுக்கு மலிவான, மெதுவான கைப்பேசிகளில்தான் இது வெடிக்கும். மேசையில் இருக்கும் சோதனைக் கைப்பேசியில் வெடிக்காது. அறிவிப்பு முதலில், ஒலி பிறகு.

மறுதொடக்கம். இரவில் மென்பொருள் புதுப்பிப்பு முடிந்து கைப்பேசி தானாக மறுபடி தொடங்குகிறது. இன்னும் யாரும் பூட்டைத் திறக்கவில்லை. தொடங்கும்போது பழைய அலாரங்கள் எல்லாம் அழிந்துபோகும் என்பதால் செயலி அவற்றைத் திரும்ப வைத்தாக வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், பூட்டுத் திறக்கும்வரை வழக்கமான சேமிப்பிடம் மூடியே இருக்கும். பூட்டிய நிலையிலும் இயங்குவேன் என்று அறிவித்துக்கொண்ட செயலி அந்த இடத்தைத் தொட்டால் முறியும். அறிவிக்காத செயலி எழுந்திருக்கவே செய்யாது, மணியும் அடிக்காது. அலாரப் பட்டியலை, பூட்டுத் திறக்கும் முன்பே படிக்கக்கூடிய சாதனப் பாதுகாப்புச் சேமிப்பிடத்துக்கு மாற்றுவதே வழி. சோதிக்க, இரண்டு நிமிடம் தள்ளி அலாரம் வைத்துக் கைப்பேசியை மறுபடி தொடக்கி, பூட்டைத் திறக்காமல் காத்திருங்கள்.

நன்னூலார் சொன்ன காலவழு அச்சு அசலாக வருவது நேர மண்டலத்தில். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே நகர்ந்து +8க்கு (உலகப் பொதுநேரத்தைவிட 8 மணி முன்னே) வந்தது. அதன்பின் நம் கடிகாரம் அசையவில்லை. கோடைக்கால நேரம் இங்கே கிடையாது. அதனால் கோலாலம்பூரில் உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு இந்த வழு கண்ணில் படாது. கைப்பேசியின் நேர மண்டலத்தை லண்டனுக்கு மாற்றுங்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி அங்கே நேரே 2 மணியாகிவிடும். 1:30 என்ற நேரமே அன்று இல்லை. அந்த 1:30க்கு அலாரம் கணக்கிட்டால் ஜாவா நிரல்மொழியின் புதிய நேர நூலகம் பேசாமல் 2:30க்குத் தள்ளும். பழைய செயலிகளில் இன்னும் இருக்கும் ஜோடா-டைம் என்ற நூலகம் அப்படித் தள்ளாது, எக்ஸெப்ஷன் எறியும். அதைப் பிடிக்காத செயலி முறியும்.

சொற்குடும்பம்: டீபக்கருக்கு வழுநீக்கி, பக் ரிப்போர்ட்டுக்கு வழு அறிக்கை, கிராஷ் லாக்குக்கு முறிவுப் பதிவு. கிராஷுக்குச் 'செயலிழப்பு' என்றும் எழுதுகிறார்கள். அது உறைவையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறது என்பதால் முறிவே மேல்.

இலக்கணத்திலிருந்து இன்னொன்றையும் கடன் வாங்கலாம். தவறுதான் என்றாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்பார்கள். வழுப் பட்டியலில் 'தெரியும், மாற்றப்போவதில்லை' என்று மூடப்படும் பதிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. உதாரணத்துக்கு ஒரு பதிவு: 'கைப்பேசியை முழுதாக அணைத்து வைத்தால் அலாரம் அடிக்காது. நிலை: வழுவமைதி.'