கூலியை ஏற்றினால் ஆள் குறையுமா?

குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்தினால் முதலாளிகள் ஆட்களைக் குறைத்துவிட மாட்டார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விலை ஏறினால் வாங்குவது குறையும், உழைப்புக்கும் அதே கதிதான் என்று பொருளாதாரப் பாடநூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன.

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. டெலாவேர் ஆற்றுக்கு அக்கரையில் பென்சில்வேனியாவில் பழைய கூலியே தொடர்ந்தது. பொருளாதார அறிஞர்களான டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளைக் கூலி ஏறுவதற்கு முன்பும் பின்பும் விசாரித்தார்கள். பகுதிநேர ஆளைப் பாதியாகக் கணக்கிட்டால், நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரியாக 20.4 ஆக இருந்த ஆட்கள் 21.0 ஆனார்கள். பென்சில்வேனியாவில் 23.3 என்பது 21.2 ஆகக் குறைந்தது. சாப்பாட்டு விலை மட்டும் நியூ ஜெர்சியில் கொஞ்சம் ஏறியது.

ஆள் ஏன் குறையவில்லை? இதற்கு ஒரு விளக்கம் 1933-லேயே பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் எழுதியதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஒரு கடையில் 10 பேர், மணிக்கு 4 டாலர். ஒவ்வொருவராலும் கடைக்கு மணிக்கு 6 டாலர் வருகிறது. சுற்றுவட்டாரத்தில் வேலை தரும் இடங்கள் குறைவு, அதனால் 4 டாலருக்கும் 10 பேர் வருகிறார்கள். பதினோராவது ஆள் வேண்டுமென்றால் 4.50 தர வேண்டும். ஆனால் புதியவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் பழையவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோருக்கும் கூட்ட வேண்டும். 40 டாலர் செலவு 49.50 ஆகிவிடும். வரவு 6, கூடுதல் செலவு 9.50. முதலாளி 10 பேரோடு நிறுத்திக்கொள்கிறார், "ஆளே கிடைப்பதில்லை" என்று புலம்பவும் செய்கிறார். அந்தப் புலம்பல் பொய்யில்லை. அவர் தரும் கூலிக்கு ஆள் கிடைக்காதுதான்.

இப்போது சட்டம் 5 டாலர் என்கிறது. பத்துப் பேருக்கு 50, பதினோரு பேருக்கு 55. எல்லோருக்கும் ஏற்கெனவே ஏறிவிட்டதால் புதிய ஆளுக்கான கூடுதல் செலவு வெறும் 5 டாலர், வரவோ 6. சேர்த்துக்கொள்வதுதான் லாபம்! கூலியும் ஏறுகிறது, வேலையும் கூடுகிறது. முதலாளியின் மொத்த லாபம் மட்டும் 20-லிருந்து 11-ஆகக் குறைகிறது. சரி, 7 டாலர் ஆக்கினால்? ஒருவரை வைத்திருப்பதும் நஷ்டம், பாடநூல் சொன்னதே நடக்கும். ஆகவே எவ்வளவு ஏற்றுகிறோம், அந்த ஊரில் வேலை தருபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

நியூ ஜெர்சி முடிவை வேறு ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசுத் தரவுகளோடு மறுபடி பார்த்தபோதும் பெரிய வேலையிழப்பு தென்படவில்லை. 2021-ல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்.

நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஓசூரில் ஒன்று, எல்லை தாண்டினால் அத்திப்பள்ளியில் வேறொன்று. இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைச்சாலை போன்ற இடம். கூலி மாறும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் இரு பக்கக் கடைகளையும் பட்டறைகளையும் கேட்டுப் பதிவுசெய்ய நம் பல்கலைக்கழகங்களுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், என்ன விலை என்ற மூன்று கேள்விகள் போதும்.