காற்று வரும் வழியே சத்தமும் வரும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் போன வருடம் ஒரு வெல்டிங் பட்டறை வந்தது. அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கிரைண்டர் இரும்பில் பட்டால் போதும், பிள்ளை புத்தகத்தை மூடிவிடுவாள். வேலைக்கு வந்த மேசன், “தம்பி, உள்ளுக்கு இன்னொரு வரிசை கல்லு கட்டினால் சரி” என்றார். “அண்ணை, முதலில் அதைப் பாருங்கோ” என்று யன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துளைகளைக் காட்டினேன்.

சுவரில் சத்தம் படும்போது சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வு மறுபக்கத்துக் காற்றைத் தள்ள, அங்கேயும் சத்தம் பிறக்கிறது. பாரமான சுவரை அசைப்பது கடினம் என்பதால் அது சத்தத்தைக் கூடுதலாகத் தடுக்கும். ஆனால் இந்தப் பலன் மெதுவாகத்தான் ஏறும். சுவரின் பாரத்தை இரண்டு மடங்காக்கினால், சத்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் ஏறக்குறைய 6 டெசிபெல்தான் கூடுதலாகக் குறையும். சத்தம் பாதியாகிவிட்டது என்று காது உணர 10 டெசிபெல் வேண்டும்.

இப்போது துளையின் கணக்கு. இரண்டு பக்கமும் பூச்சுப் பூசிய சீமெந்துக் கல் சுவர் 45 டெசிபெல் அளவுக்குத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, வந்து மோதும் ஒலிச் சக்தியில் ஏறக்குறைய 30,000இல் ஒரு பங்குதான் உள்ளே போகும். பத்தடிக்குப் பத்தடிச் சுவர் 100 சதுர அடி. அதில் காற்றுத் துளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சதுர அடி இருந்தால், அதன் வழியே 100இல் ஒரு பங்கு நேராக நுழைந்துவிடும். முழுச் சுவரும் விடுவதைப் போல இது 300 மடங்கு! 45 டெசிபெல் தடுத்த அந்தச் சுவர், 100இல் ஒரு பங்கை உள்ளே விடும் 20 டெசிபெல் சுவராக இறங்கிவிடுகிறது. இன்னொரு வரிசை கல் கட்டினாலும், துளை திறந்திருக்கும்வரை அதே 20தான்.

நம் ஊர் வீடுகள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. அந்த வெக்கையில் அது சரியான அறிவுதான். பழைய நாற்சார் வீடுகளில் அறைகள் நடு முற்றத்தைப் பார்த்திருந்ததால், காற்றும் வந்தது, ஒழுங்கையின் சத்தத்தைத் தடிப்பான வெளிச்சுவரும் மறித்தது. இப்போதைய வீடுகளில் யன்னல்கள் ஒழுங்கையையோ பக்கத்து வளவையோ நேராகப் பார்க்கின்றன.

ஓட்டை எங்கே என்று தேட, இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் சாத்திவிட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். கதவின் அடி, யன்னல் சட்டம் சுவரோடு சேரும் விளிம்பு, வயர் போகும் துளை: இவற்றை றப்பர் பட்டியாலும் சீமெந்தாலும் அடைக்கச் செலவு அதிகமில்லை.

பலர் சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். வெளிச் சத்தத்தை அது தடுக்காது, தீயும் எளிதில் பிடிக்கும். மென்மையான பொருட்களின் வேலை வேறு. அவை அறைக்குள் எதிரொலியைக் குடிக்கும். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியர், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்துக்குள் இருக்கை மெத்தைகளைச் சுமந்துபோய் அடுக்கி, ஒலி அடங்கும் நேரம் குறைவதை அளந்தார். மெத்தை எதிரொலியைத் தின்றது. ஆனால் அதைச் சுவரில் ஒட்டினால் பக்கத்து அறைக்குச் சத்தம் போவது நிற்காது.

திருவிழாக் காலத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரம் மங்கிவிடும், தவிலில் தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்க அடி மட்டும் நெஞ்சில் விழும். சுவர் உயர்ந்த சுருதியை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த சுருதிக்கு மெல்ல அசைந்து இடம்கொடுத்துவிடும்.

மேல்மாடிச் சத்தம் இன்னொரு ரகம். ஐந்தாறு அங்குலக் கொங்கிரீற் தட்டு மேலே பேசும் பேச்சை நன்றாக மறிக்கும். ஆனால் வாடகைக்கு இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளை கதிரையை இழுத்தால், அதிர்வு காற்றைத் தொடாமல் நேராகக் கொங்கிரீற்றுக்குள் இறங்கிச் சுவர்களுக்கும் பரவும். கீழே கூரைத்தட்டில் எதை ஒட்டினாலும் பலன் கொஞ்சம்தான். பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்: கதிரைக் காலுக்கு றப்பர், தரைக்குத் தடித்த விரிப்பு. புதிதாகக் கட்டுபவர்கள் கொங்கிரீற்றுக்கு மேலே நெகிழ்வான ஒரு படையை விரித்து, அதன்மேல் சீமெந்துத் தளத்தைச் சுவரில் தொடாமல் போடலாம். ஓரிடத்தில் தொட்டாலும் அதிர்வுக்குப் பாலம் கிடைத்துவிடும்.

மாரி மழையில் தகரக் கூரை அலறுவதும் இப்படித்தான். மெல்லிய தகடு ஒவ்வொரு துளிக்கும் பறை போல அதிர்கிறது. கீழே இடைவெளி விட்டுப் பாரமான கூரைத்தட்டு அடித்து, இடையில் கண்ணாடி நார்ப் பஞ்சு வைத்தால் நன்றாகக் குறையும்.

சரி, அக்கா வீட்டுத் துளைகளை என்ன செய்தோம்? முழுக்க அடைத்திருந்தால் பிள்ளை வெந்துபோயிருப்பாள். மேசன் அண்ணை உட்பக்கமாக ஒரு பலகைப் பெட்டி செய்தார். உள்ளே வழி இரண்டு தரம் திரும்பும், சுவரெல்லாம் கண்ணாடி நார்ப் பஞ்சு. காற்று வளைந்து வந்துவிடும். சத்தமோ ஒவ்வொரு திருப்பத்திலும் பஞ்சில் மோதி, நார்களுக்கிடையே உராய்ந்து சிறு வெப்பமாகத் தேய்கிறது. யன்னலுக்கும் றப்பர் பட்டி போட்டோம்.

கிரைண்டர் இப்போதும் கேட்கிறது, பக்கத்து அறையில் யாரோ மா அரிப்பது போல. மின்விசிறி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விடுங்கோ மாமா என்றாள் பிள்ளை. இத்தனை நாளும் பட்டறைச் சத்தத்துக்குள் அது கேட்காமலே இருந்திருக்கிறது.